சிவப்புப் பொட்டு வைத்த ரேடியோ

லண்டனில், கவுன்சில் என்கிற உள்ளூராட்சிச் சபையில் நான் பார்த்த வேலையை ஊரில் உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்துவது எப்போதும் கஷ்டம். கடைகளுக்குள் போய், தராசு ஒழுங்காக நிற்கிறதா, பெட்டியின் மேல் எழுதியிருப்பதுதான் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நம்மவர் கடைகளில் எனக்கு 'லேபிள் பொலிஸ்' என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்து, எந்த நாட்டில் செய்தது என்று பார்ப்பேன். பெண் பார்க்க வந்த அன்று தன்னைக் கவிழ்த்துப் பார்க்காதது ஒன்றுதான் குறை என்று என் மனைவி ஆட்களுக்கு முன்னால் சொல்வாள். அவளுக்கு ஆட்களையும் பகிடிகளையும் ஞாபகம் இருந்த காலம் அது.

அவள் மேற்கு லண்டனில் ஒரு ரேடியோத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். நாங்கள் வந்த புதிதில் கிடைத்த வேலை. கம்பனியின் பெயரைச் சொன்னால் அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கிழவர்கள் இன்னும் முகம் மலர்வார்கள். வாசலில் கொடி பறக்கும். ஒருமுறை அமைச்சர் ஒருவர் வந்து, வெள்ளைக் கோட்டு மாட்டி, ஒரு ரேடியோவைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, பிரித்தானியக் கைகளின் திறமையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அந்த வரிசையில் இருந்த கைகள் எங்களுடையவை, பஞ்சாபிகளுடையவை, கோவாக்காரிகளுடையவை. அவற்றில் பாதி, நாட்டில் இருக்கலாமா கூடாதா என்ற பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தவை. என் மனைவியின் கையும் அதில் ஒன்று. 'இங்கிலாந்தில் செய்தது' என்ற தகட்டை ரேடியோவின் முதுகில் பதிப்பது அவளுடைய வேலைகளில் ஒன்றாக இருந்தது. இங்கிலாந்து அவளைப் பற்றி இன்னும் ஒன்றும் தீர்மானிக்காத காலத்தில், அவள் நாள் முழுவதும் இங்கிலாந்துக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதுகை மூடுவதற்கு முன் இன்னொரு வேலை. கடைசியாகச் சோதித்தவர் யார் என்று தெரிவதற்காக, உள்ளே மின்சுற்றுப் பலகையின் மூலையில் ஒரு துளி அரக்கு வைக்க வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். இவளுக்குக் கிடைத்தது சிவப்பு. கூட வேலை செய்த எங்கள் பெண்களுக்கு அது பெரிய பகிடி. "வேதக்காரிக்குப் போய்ச் சிவப்புப் பொட்டுக் குடுத்திருக்கிறாங்கள்" என்று சிரிப்பார்களாம். இவளுடையது நெற்றியில் பொட்டு வைக்காத கத்தோலிக்கக் குடும்பம். "நெத்தியில வைக்காததை எல்லாம் ரேடியோவில வைச்சுத் தீர்த்திட்டன்" என்று பதில் சொல்வாள். அதன் பிறகு வரிசை முழுவதும் அதற்குப் பெயர் பொட்டு. பஞ்சாபிகளும் கோவாக்காரிகளும் கூடப் பொட்டு என்றே சொன்னார்கள்.

தூரிகையால் வைத்தால் வழியும் என்று அவள் நெருப்புக்குச்சி முனையால் வைப்பாள். அடுத்த ரேடியோவுக்குக் கை போகிற வேகத்தில் பொட்டின் வலப்பக்கம் சின்ன வால் ஒன்று இழுபடும். எங்கள் வீட்டு ரேடியோவிலும் அந்த வால் இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால், தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அவள் திருகாணிகளைக் கழற்றி உள்ளே காட்டுவாள். சிலர் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படத்தைக் காட்டுவதில்லையா, அதுபோல.

பிறகு தொழிற்சாலை மூடப்பட்டது. மூடுவதற்கு முன் சில மாதங்கள், சீனாவிலிருந்து ஆட்கள் வந்து வரிசையின் பின்னால் நின்று வேலை பழகினார்கள். எங்கள் பெண்களே பழக்கினார்கள். அதற்கும் ஒரு முறை இருக்கிறது, பணிமாற்றப் பயிற்சி என்று பெயர். உன் கதிரையை எடுக்க வந்தவளுக்கு எப்படி உட்காருவது என்று நீயே காட்டிக்கொடுப்பது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவளுக்கு வரவில்லை. தன்னிடம் பழகிய பெண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்து புட்டும் சொதியும் கொடுத்தாள். அந்தப் பெண் கரண்டியால் புட்டைக் கவனமாகப் பிரித்துச் சாப்பிட்டது.

"அவளில எனக்கென்ன கோவம்?" என்றாள் பிறகு. "அவளுக்கும் வேலை வேணுமெல்லோ."

கம்பனியின் பெயரை மட்டும் யாரோ வாங்கினார்கள். அதே பெயரில் ரேடியோக்கள் வந்தன. கடைகளில் அவற்றைக் கண்டால் அவள் நின்று பார்த்துவிட்டு, "பேர் எங்கட பேர், ஆள் வேற" என்று சொல்லிக்கொண்டு நகர்வாள்.

இப்போது அவளுக்கு மறதி நோய். அதற்குரிய நீண்ட பெயரும் கட்டங்களும் எனக்குத் தெரியும்; கவுன்சிலின் எந்தப் பிரிவு எந்தக் கட்டத்தில் வீட்டுக்கு வரும் என்பதும் தெரியும். தெரிந்து ஒரு பயனும் இல்லை. காலையில் எழுந்ததும் அந்தப் பழைய ரேடியோவைத் திருகுவாள். 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு செய்தி. செய்தி முடிய நிறுத்திவிட்டுச் செபமாலையை எடுப்பாள். அந்த 'டக்'கில்தான் அவளுடைய நாள் தொங்கிக்கொண்டிருந்தது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு காலை 'டக்' கேட்டது, செய்தி வரவில்லை. நான் குளியலறையில் இருந்தேன். வெளியே வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. பெரிய தெருவில், பஸ் தரிப்பில், இரவு உடுப்பின் மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஷிப்டுக்கு நேரமாச்சு. பஸ்ஸைக் காணேல்லை" என்றாள்.

"இண்டைக்கு லீவு. வீட்டை வாரும்."

"ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே."

ரேடியோ பேசாத காலைகளில் இதே போல இன்னும் சில தடவைகள் நடந்தன. ஒருமுறை அயலவர் பொலிசுக்கு அறிவித்தார். பிறகு கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்தார். மரியாதையான பெண். இனி ஒருமுறை இப்படிப் போனால் அவளைப் பராமரிப்பு இல்லத்தில் விடுவதைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்றார். நானும் அந்தக் கட்டிடத்தில் இருந்து பேசியவன். 'யோசிக்க வேண்டிவரும்' என்றால் யோசித்தாயிற்று என்று அர்த்தம்.

ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ரெய்னர்ஸ் லேனில் நம்மவர் ஒருவர் நடத்தும் மின்சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் பல வருடம் ஜெர்மனியில் இருந்து, பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிப்பிப்பதற்காக லண்டனுக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து ஜெர்மனியைப் புகழ்ந்துகொண்டிருப்பவர். திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அண்ணை, ஏலாது. இதுக்குப் பாட்ஸ் இப்ப ஒரு இடத்திலயும் இல்லை. ஜெர்மன் சாமான் எண்டால் இப்பிடிப் போயிருக்காது."

அவருடைய மேசையில் ஜெர்மன் பெயர் போட்ட கேத்தில் ஒன்று இருந்தது. அதைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினேன். "வாசியும்."

வாசித்தார். "டிசைன் ஜெர்மன்தானே அண்ணை."

"டிசைன் எண்டால் கீறினது. கீறின படத்தில தண்ணி கொதிக்காது."

"உங்களோட மனுசர் கதைக்கேலாது. அப்ப சட்டப்படி ஒரு சாமான் எந்த நாட்டுச் சாமான் எண்டு என்னெண்டு சொல்லுறது?"

"கடைசியாப் பெரிய மாற்றம் எங்க நடந்ததோ, அந்த நாடு."

அவர் தன் வழுக்கைத் தலையைத் தடவினார். "அப்ப நான் லண்டன் தயாரிப்பு அண்ணை. முழுக்கக் கொட்டினது இஞ்ச வந்துதான்."

பிறகு தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அதே கம்பனிப் பெயர். பழைய மாதிரியையே திரும்பச் செய்திருந்தார்கள். அதே கைபிடி, அதே திருகி. பெட்டியில் பாதிக்குக் கொடி. 'பிரிட்டனின் பெருமை' என்று ஒரு வரி, 'பிரிட்டனில் வடிவமைக்கப்பட்டது' என்று இன்னொரு வரி. கவிழ்த்தேன். அடியில், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் படிக்க வேண்டிய எழுத்தில், சீனா. எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டது. வேலையில் இருந்திருந்தாலும் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. பொய் என்று எதையும் காட்ட முடியாது. கொடி மட்டும் கொஞ்சம் பெரிது.

"இதின்ர உள்ளுடம்பைக் கழட்டிப் பழசுக்குள்ள வைக்கலாமோ?" என்று கேட்டேன்.

"கொள்ளாது அண்ணை. வெளியாலதான் ஒரே மாதிரி. அக்காவுக்கு என்ன தெரியப்போகுது? பேசாமல் கொண்டுபோய் வையுங்கோ."

கொண்டுபோய் வைத்தேன். அவள் திருகினாள். 'டக்' கேட்டது, செய்தி வந்தது. எனக்கு மூச்சு வந்தது. அவள் கைபிடியைத் தடவினாள், பக்கங்களைத் தடவினாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இது ஆரின்ர ரேடியோ?"

"உம்மட தான்."

"திறவுங்கோ பாப்பம்."

என்னால் மறுக்க முடியவில்லை. திருகாணிகளைக் கழற்றினேன். சுற்றுப் பலகையின் மூலையில் ஒரு பச்சைப் பொட்டு இருந்தது. எந்தத் தொழிற்சாலையிலும் யாரோ ஒருவர் வைப்பதுதான். அவள் குனிந்து பார்த்தாள்.

"பச்சை. பச்சை என்ர இல்லை. ஆரோ பிள்ளையின்ரயை மாறி எடுத்துக்கொண்டு வந்திட்டியள். கொண்டுபோய்க் குடுங்கோ, அந்தப் பிள்ளை தேடும்."

எழுந்து கோட்டை எடுத்தாள். நான் கொடுக்காவிட்டால் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறாளாம். கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்று முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கோ, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், உள்ளுக்குள் சந்தோசம். கொடிக்கும் பெயருக்கும் ஏமாறாமல், முதுகைத் திறந்து பார்த்து, இல்லை என்று சொன்னாளே. அவள் இன்னும் இருந்தாள்.

ஆனால் அவளைப் பூட்டி வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்குச் சமாளிப்பது? அந்தச் சனிக்கிழமை மகள் வந்து அவளை முடி வெட்டக் கூட்டிப்போனாள். அவர்கள் போனதும் மகளின் பழைய அறையில் தேடி ஒரு சிவப்பு நகப்பூச்சும், அதை அழிக்கும் திரவமும் எடுத்துவந்தேன். சமையலறை மேசையில் ரேடியோவைத் திறந்து, பஞ்சை நனைத்துப் பச்சைப் பொட்டைத் துடைத்தேன். இலேசில் போகவில்லை. நன்றாக வைத்திருந்தார்கள்.

பொருளின் மூலத்தைப் பற்றிப் பொய்யான அடையாளம் இடுவதற்குச் சட்டத்தில் என்ன பெயர், என்ன தண்டனை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறெங்கோ செய்த தோல் சப்பாத்துகளில் இத்தாலி என்று முத்திரை குத்திய ஒருவரைப் பிடித்திருக்கிறேன். "சனம் அதைத்தானே கேக்குது, நான் என்ன செய்ய?" என்றார். குறித்துக்கொண்டேன், அது தற்காப்பு வாதமாகாது.

நெருப்புக்குச்சி முனையால் சிவப்பை வைத்தேன். முதலில் வைத்தது பெரிதாகப் போய்விட்டது. துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். வட்டமாக, அளவாக வந்தது. வாலை மட்டும் இழுக்கவில்லை. இழுக்க எனக்குத் தெரியும். அலுமாரியிலிருந்த பழைய ரேடியோவையும் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குச்சியை வலப்பக்கம் சற்று நகர்த்தினால் போதும். நகர்த்தாமல் கையை எடுத்துவிட்டேன். முன்பொரு தடவை, தெரிந்தவர் வீட்டு ரேடியோவைத் திறந்து பார்த்துவிட்டு, சிவப்பாக இருந்தும், "இது என்ர இல்லை, நான் லீவில நிண்ட நாள் கோவாக்காரி வைச்சது" என்று சொன்னவள் அவள். வாலில்லாத பொட்டைக் கண்டால் பிடித்துவிடுவாள். பிடிக்க வேண்டும் என்றுதான் விட்டேன். பிடித்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று யோசிக்கவில்லை.

வெட்டிய முடியோடு வந்தாள். கழுத்து மெலிந்து தெரிந்தது. மகள் தேநீர் போட்டாள். நான் ரேடியோவை மேசையில் வைத்து முதுகைக் கழற்றினேன்.

"இஞ்சாரும். உம்மட ரேடியோ திருத்தி வந்திட்டுது. பாரும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். விரலால் பொட்டைத் தொட்டாள். தொட்ட விரலைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு இது ஒன்றும் தெரியாது.

"ஓம்" என்றாள் என் மனைவி. "என்ர தான். இவ்வளவு நாளும் எங்க வைச்சிருந்தனீங்கள்?"

"கடையில."

"நல்ல சாமான். இஞ்ச செய்ததெல்லோ."

"ஓம்" என்றேன். "இஞ்ச செய்தது."

மகளுக்குப் பெரிய நிம்மதி. அம்மா சிரிக்கிறா என்று சொல்லிப் படம் எடுத்தாள். படத்தில் நானும் சிரிப்பதாகத்தான் இருக்கிறது. கடைக்காரருக்கு நான் சொன்ன விதியை அன்று பின்னேரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியாகப் பெரிய மாற்றம் எங்கே நடந்தது என்று கேட்டால், இப்போது என்னால் சரியாகச் சொல்ல முடியும். எங்கள் சமையலறை மேசையில், அந்தப் பொட்டை அவள் தொட்டுப் பார்த்தபோது.

அதன் பிறகு அவள் வெளியே போகவில்லை. கவுன்சில் பெண் வந்து பார்த்துவிட்டு, நன்றாகச் சமாளிக்கிறீர்கள் என்று பாராட்டினார். காலையில் 'டக்', செய்தி, செபமாலை. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

சென்ற வாரம் செய்தியில் யாரோ ஓர் அமைச்சர், தொழிற்சாலைகளைத் திரும்ப நாட்டுக்குக் கொண்டுவரப்போவதாகப் பேசிக்கொண்டிருந்தார். பிரித்தானியக் கைகள் என்றார். அவள் தலையை ஆட்டிக் கேட்டாள்.

"எங்கட இடத்துக்கும் ஆள் எடுப்பாங்கள் போல" என்றாள்.

"எடுப்பாங்கள்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பச்சைப் பொட்டுப் பிள்ளையின்ர ரேடியோவைக் கொண்டுபோய்க் குடுத்தனீங்களோ?"

எல்லாம் மறந்தவள் இதை மட்டும் எப்படி ஞாபகம் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. பச்சையைத் துடைத்துக் குப்பையில் போட்ட பஞ்சு ஞாபகம் வந்தது.

"குடுத்திட்டன்" என்றேன்.

"தேடியிருக்கும், பாவம். என்ன சொன்னவள்?"

"சந்தோசப்பட்டவள்."

"பிறகென்ன" என்றாள். "சத்தம் போடாதேங்கோ, செய்தி போகுது."