மடிப்பு வைத்த தூசிப் பை

"எழுத்து மூலமான முறைப்பாடொன்று கிடைத்தால் கிடைத்த திகதியை அதிலேயே குறிக்க வேண்டும். மூன்று வேலை நாள்களுக்குள் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினான்கு நாள்களுக்குள் இறுதிப் பதில் போய்ச் சேர வேண்டும்." நான் நிர்வாக உத்தியோகத்தராக இருந்த அலுவலகத்தில் என் கதிரைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த விதி இது. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் அதை வாசிப்பார்கள். முதுகுக்குப் பின்னால் இருந்தபடியால் எனக்கு மட்டும் அதை வாசிக்க அதிகம் வாய்க்கவில்லை.

அந்தத் தாளைப் பிழையில்லாமல் அச்சடித்து ஒட்டியவர் எங்கள் தட்டச்சு மிஸ். தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து விசுவமடுவுக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். மகள் படித்து அரச வேலைக்கு வந்தார். பேச்சு முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சுத்தான். கோபம் வந்தால் மட்டும் மலைநாட்டுப் பேச்சு எட்டிப் பார்க்கும். நான் எழுதிக் கொடுக்கும் வரைவுகளில் பிழை இருந்தால் வாய் திறந்து சொல்ல மாட்டார். அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார். என் சேவைக்காலத்தில் எனக்கு ஒழுங்காகக் கிடைத்த ஒரே மேற்பார்வை அந்தப் புள்ளிதான்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டு வளவுகளுக்கு நடுவில் ஒரு வேலி மட்டும் இருந்தது. அவர் பள்ளிச் சீருடை தைக்கத் தொடங்கினார். நான் பின்பக்கக் கொட்டிலில் ஒரு வாள் மேசையும் சீவு மெசினும் பூட்டி, உடைத்த வீடுகளின் பழைய முதிரை மரக் கதவுகளை வாங்கி வந்து அலுமாரி, கதிரை என்று செய்யத் தொடங்கினேன். வீட்டில் பொழுதுபோக்காகச் செய்கிற தச்சு வேலைக்கு அனுமதிப்பத்திரம் தேவையா என்று இருந்த சுற்றுநிருபங்களையெல்லாம் புரட்டிப் பார்த்து, தேவையில்லை என்று எனக்கு நானே தீர்ப்பும் வழங்கிக்கொண்டேன். காகிதத்தின்படி என் கொட்டிலிலிருந்து தூசு எதுவும் வெளியேறவில்லை.

மார்கழி மழை விட்டிருந்த ஒரு காலையில் மிஸ் வாசல் படலைக்கு வந்தார். வேலிக்கு மேலால் கூப்பிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் தெருவால் சுற்றி வந்தார். கையில் ஒரு கடித உறையும் கோடு போட்ட கொப்பியும் இருந்தன.

"சேர், இதில ஒரு கையெழுத்து வைச்சுத் தாங்கோ. கடிதம் கிடைச்சதுக்கு."

கொப்பியில் நிரல்கள் கீறப்பட்டிருந்தன: அனுப்பிய திகதி, விடயம், பெற்றவர் கையொப்பம், பதில் கிடைத்த திகதி. என்னுடையது இரண்டாவது வரி. முதல் வரியை அவருடைய பெருவிரல் மறைத்திருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

கடிதம் முறையாக இருந்தது. சீருடைகள் தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்க முன் முடிய வேண்டும். எங்கள் தெருவின் பாதிப் பெண்பிள்ளைகள் அவரை நம்பியிருக்கிறார்கள். மாரி இருட்டில் யன்னலைத் திறக்காவிட்டால் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தெரியாது. திறந்தால் என் முதிரைத் தூள் வந்து துணியில் மஞ்சளாகப் படிகிறது. முதிரைத் தூள் மூச்சுக்கும் ஒத்து வருவதில்லை. ஆகவே ஆவன செய்து தருமாறு தயவுடன் வேண்டியிருந்தார். 'தொடர்பு' என்ற இடத்தில் பல வருடங்களுக்கு முந்திய தம்முடைய கடிதமொன்றைக் குறிப்பிட்டு, அதற்கு இன்றுவரை பதில் இல்லை என்று எழுதியிருந்தார். எந்தக் கடிதம் என்று எனக்கு நினைவு வரவில்லை. நினைத்துப் பார்க்கவும் மெனக்கெடவில்லை.

மூன்றாம் நாள், கடிதம் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதிக் கொடுத்தேன். இந்த ஒரு வரியை நான் வாழ்நாளில் எத்தனை தரம் எழுதியிருப்பேன் என்று தெரியாது. அதன்படி நடவடிக்கை எடுக்க வேண்டி வந்தது இதுதான் முதல் தடவை.

தூசு உறிஞ்சும் ஒரு பழைய விசிறி வாங்கினேன். மூடியில் இரண்டு துவாரம் போட்ட பெயின்ற் வாளியை வாள் மேசைக்கும் விசிறிக்கும் இடையில் வைத்தேன். காற்று வாளிக்குள் சுழல, பாரமான சீவல் அடியில் விழுந்துவிடும். மிச்சப் பொடி விசிறிக்குள்ளால் போய் ஒரு துணிப் பையில் தங்க வேண்டும். அந்தப் பையை இடுப்பில் கட்டிப் பழசான என் சாரத்தில் தைத்தேன். சீவலெல்லாம் வாளியில் விழுந்தது. பொடி மட்டும் சாரத்துக்குள்ளால் புகை போல வெளியேறி வேலியைக் கடந்தது. முன்பு தூசு தானாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது மின்சாரம் செலவழித்து அனுப்பி வைத்தேன்.

அடுத்ததாக நான் செய்தது வன்னியில் வாழ்ந்த எவரும் செய்யக்கூடிய பிழை. பிளாஸ்ரிக் தறப்பாளை எடுத்தேன். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் எங்களுக்கு வீடும் பள்ளிக்கூடமும் அலுவலகமும் தறப்பாள்தான். நான் நிவாரணப் பதிவு எழுதியதும் அதற்குக் கீழே இருந்துதான். மழையையும் வெயிலையும் மறித்தது தூசையா மறிக்காது என்று நினைத்து, இரண்டு மடிப்பாகப் பை தைத்து, வேலிப் பக்கம் நீட்டியிருந்த விசிறியின் வாயில் இறுகக் கட்டினேன். பை பெருத்தது. வாள் மேசையடியில் உறிஞ்சல் நின்றது. ஏனென்று பார்க்கக் குனிந்தபோது கட்டு அவிழ்ந்து, அதுவரை சேர்ந்த பொடி முழுவதும் ஒரே மூச்சில் வேலிக்கு அப்பால் பாய்ந்தது. அங்கே தாழ்வாரக் கொடியில், தைத்து முடித்த மூன்று கவுன்கள் தொங்கின.

இந்த முறை மிஸ் வேலிக்கு மேலால்தான் கூப்பிட்டார்.

"என்னாங்க சேர் இது?"

அலுவலகத்தில் எந்தக் கண்டனக் கடிதமும் என்னை அப்படித் தலை குனிய வைத்ததில்லை. மஞ்சள் படிந்த கவுன் ஒன்றைக் கையில் பிடித்தபடியே அவர் கொட்டிலுக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் நிலத்தில் கிடந்த தறப்பாள் பையை எடுத்து உதட்டில் வைத்து ஊதிப் பார்த்தார். பிறகு சாரப் பையையும் ஊதினார்.

"இதுக்கால தூளும் போகுது. அதுக்கால காத்தும் போகாது. நீங்கள் காத்தை விட்டிட்டுத் தூளை மறிக்கிற துணியெல்லோ பிடிக்க வேணும்?"

இறுக்கமான துணி போட்டால் விசிறி திணறுமே என்றேன்.

"துணி இறுக்கமெண்டா இடத்தைக் கூட்டிக் குடுக்கிறது, சேர்." கையிலிருந்த கவுனின் பாவாடைப் பகுதியில் ஒரு மடிப்பை விரித்துக் காட்டினார். ஒரு சாண் அகலத்துக்குள் மூன்று சாண் துணி ஒளிந்திருந்தது. "இவ்வளவு காலமும் இதைப் பிள்ளையளின்ர இடுப்புக்குத்தான் வைச்சனான்."

சின்னப் பெடியன்களின் நீலக் களிசான் தைக்கிற தடித்த துணியில் நெடுக்காக மடிப்பு வைத்துத் தைத்தார். மேலும் கீழும் இறுக்கிப் பிடிக்க நான் இரண்டு பழைய சைக்கிள் றிம் கொடுத்தேன். பையை வேலிப் பக்கமிருந்து எடுத்துக் கொட்டிலுக்குள்ளேயே தொங்கவிட்டோம். மிஸ் ஒரு வெள்ளைத் துணித் துண்டை அதற்குப் பக்கத்தில் கட்டி, "இப்ப அறுங்கோ" என்றார். தொடக்கத்தில் கொஞ்சம் பொடி கசிந்தது. பிறகு பையின் உள்ளே படிந்த தூசே மற்றத் தூசை மறிக்கத் தொடங்கியது. ஒரு முழுக் கதவையும் அறுத்து முடித்த பிறகு புதுத் துண்டொன்றை மாற்றிக் கட்டி, இன்னொரு கதவை அறுக்கச் சொன்னார். அந்தத் துண்டு வெள்ளையாகவே இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தும் ஒன்றுமில்லை.

"அப்ப உங்கட முறைப்பாடு தீர்ந்தது மிஸ்," என்றேன்.

"இது தீர்ந்தது. முந்தினதுக்குத்தான் இன்னும் பதில் வரேல்லை."

எந்தக் கடிதம் என்று அப்போதுதான் கேட்டேன்.

"மேசையை யன்னலடிக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேட்டனான். பதிவேட்டறைத் தூசால எனக்கு முட்டு, மூச்சு இழுக்கும்." குரலில் கோபம் இல்லை. "நீங்கள் 'பார்த்தேன், கோவையிலிடுக' எண்டு எழுதினனீங்கள். அதை அந்தப் பைலில கொண்டுபோய்ப் போட்டதும் நான்தானே."

அந்த எழுத்துகள் என் கண்முன் தெரிந்தன. அவசரத்தில் இடப்பக்கம் சாயும் என் கையெழுத்து. ஒரு மேசை, பத்தடி தூரம், இரண்டு பேர் தூக்கினால் முடிகிற வேலை. மேலதிகாரி எவரிடமும் கேட்கத் தேவையில்லை. ஓய்வு பெறும் வரை அவர் அந்த அறையில்தான் இருந்தார். மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிக்கொண்டு அவர் தட்டச்சுச் செய்வதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அது அவருடைய வழக்கம் என்று நினைத்திருந்தேன். தூசைத் தங்கவைக்கிற பை எதுவும் அந்த அறையில் இருக்கவில்லை. அவருடைய நெஞ்சு மட்டும்தான் இருந்தது.

பதில் எழுத எனக்கு ஐந்து நாள் பிடித்தது. முதல் வரைவுகளில் ஆளணி, இடப்பற்றாக்குறை, அக்காலச் சூழ்நிலை என்று காரணங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் வாசித்தபோது ஓரத்தில் பென்சில் புள்ளி தெரிந்தது. கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "தங்கள் மேசையை யன்னலருகே மாற்றியிருக்க வேண்டும். மாற்றாதது என் தவறு. அதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் கோவையில் இல்லை."

நானும் தெருவால் சுற்றித்தான் போனேன். மிஸ் யன்னலடியில் மெசினில் இருந்தார். யன்னலின் இரண்டு கதவும் திறந்திருந்தன. அந்த மூன்று கவுன்களையும் தூசு போகத் தோய்த்து உரிய பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். கடைசிக் கவுனையும் அன்று விடியத்தான் ஒரு பிள்ளை வந்து போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனதாம். அவர் கடிதத்தை வாங்கி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, இரண்டு தரம் வாசித்தார். பென்சில் தாளில் படவில்லை.

"பிந்தித்தான் வந்திருக்கு, சேர்," என்றார். "ஆனா வந்திருக்கு."

இப்போதும் அந்த நீலப் பை என் கொட்டிலில் தொங்குகிறது. நான் வாளை ஓட்டும்போது அது மடிப்பு விரிந்து உப்பும், நிறுத்தினால் சுருங்கும். வேலிக்கு அந்தப் பக்கம் தையல் மெசின் நிற்காமல் ஓடுவது கேட்கும். அலுவலகச் சுவரில் இருந்த அந்த விதியை இப்போது எனக்கு முன்னால் எழுதி ஒட்டியிருக்கிறேன், தினமும் கண்ணில் படட்டும் என்று.

நான் பதிலைக் கொடுத்த அன்று மிஸ் அந்தக் கொப்பியை எடுத்து விரித்தார். பெருவிரல் மறைக்காத முதல் வரியை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். விடயம்: மேசையை யன்னலருகே மாற்றுதல். கடைசி நிரல் மட்டும் வெறுமையாக இருந்தது. பேனையை எடுத்து, பதில் கிடைத்த திகதியை அவர் தம் கையாலேயே எழுதினார்: தை மாதம், பள்ளிக்கூடம் தொடங்கிய திங்கட்கிழமை.