லயத்துக்குள் டேப் பிடித்த ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் பதுளையில் பஸ் ஏறினேன். எழுபத்தாறாம் வருடத்து ஐப்பசி மழை. கையில் ஐம்பதடி டேப், எண்ணெய்த்தாளில் சுற்றிய வரைதாள். கொழும்பில் கட்டடக்கலை படிக்கிறேன். "சுவரை மட்டும் வரைந்துகொண்டு வராதே. மழை எந்தப் பக்கம் அடிக்கிறது, தண்ணீர் எங்கே ஓடுகிறது, யார் எங்கே படுக்கிறார்கள், எல்லாம் வேண்டும்" என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். ஒரு தொழிலாளர் வீட்டையாவது அளந்து வரையாவிட்டால் இந்த வருடம் அம்போதான்.

"ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கா? இந்த மழையில எதுக்குங்க?" என்றார் கண்டக்டர், அறுபது சதத்துக்கு டிக்கெட் கிழித்தபடி.

"வீடு பார்க்க."

"லயத்தையா!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இறங்கி ஒன்றரை மைல் ஏற்றம். ஒன்பது மணிக்கு லயம் தெரிந்தது: ஒரே தகரக் கூரை, வரிசையாக அறைகள், அறைக்கொரு குடும்பம். மேட்டுத் தண்ணீர் பின்சுவரில் ஊறிக்கொண்டிருந்தது. முதல் அறையில் செல்லம்மா, தேயிலைக் கொழுந்து பறிப்பவர். ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். டேப்பைக் கண்டதும் அவர் முகம் சுண்டிப்போனது.

"பயப்படாதீங்க, தோட்டத்துத் துரைகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றேன், தைரியம் சொல்வதாக நினைத்து.

அவ்வளவுதான். பேச்சு கடைசி அறைவரை ஓடியது. சட்டிபானை உருளும் சத்தம் கேட்டது. முன்தாழ்வாரத்தின் அகலத்தைக் குறித்துவிட்டு நிமிர்ந்தால், செல்லம்மா பழஞ்சேலையை விரித்துத் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஐயோ, என்ன செய்றீங்க?"

"மேல் லயத்துலயும் தொர ஆள் அனுப்பி இப்படித்தான் தம்பி அளந்தாரு. மறுவாரமே காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

டேப்பைச் சுருட்டிக் கீழே வைத்தேன். படிப்பைச் சொன்னேன், பரீட்சையைச் சொன்னேன், பதுளையில் வாப்பாவின் துணிக்கடையைச் சொன்னேன். "அட, தீவாளிச் சேல அங்கதான எடுத்தேன்!" என்றார் பக்கத்து அறைக்காரி.

செல்லம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிக்கிற புள்ள ஃபெயிலாகிடக் கூடாது" என்று டேப்பின் மறுமுனையைத் தானே பிடித்தார். அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. சுவரின் ஈரம், அடுப்புப் புகை போகும் வழி, ஆறு பேர் படுக்கும் இடம், அத்தனையும் குறித்துக்கொண்டேன்.

பகல் இரண்டு மணிக்குப் பாலில்லாத பிளேன்டீ கொடுத்து வழியனுப்பினார். மூட்டை இன்னும் வாசற்படியிலேயே இருந்தது.

"அவுக்கலையாக்கா?"

"வர்ற ஞாயித்துக்கெழம தாண்டட்டும் தம்பி. அப்பறம் பாத்துக்கலாம்."

பஸ்ஸில் அதுவே நெஞ்சை அரித்தது. எங்கள் வீட்டை யாராவது அளந்தால், வாப்பா இன்னோர் அறை கட்டப் போகிறார் என்று உம்மா சந்தோஷப்படுவார். மாலையில் மேசையில் தாளை விரித்து எல்லாவற்றையும் வரைந்தேன். கடைசியாக, வாசற்படியில் அந்த மூட்டையையும் வரைந்தேன்.