மருமகளின் பயிற்சிப் பட்டறைக்குத் தருமபுரி போய்வந்தோம்

போன ஆவணியில் கம்பைநல்லூரிலிருந்து தருமபுரிக்கு மருமகள் கவிதாவோடு போனேன். என் மகன் தொப்பூர் கணவாயில் லாரி மோதி இறந்து அப்போது வருஷம் திரும்பவில்லை. கவிதாவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒருநாள் பட்டறை. வாய் திறந்து பேசுபவர்களுக்குத்தான் வரவேற்பு மேசை என்று சொல்லியிருந்தார்கள். பால் மறக்காத பேத்தியைத் தூக்கிக்கொள்ள நான்.

காலை 7.10 டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம். சுமார் முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து மண்டபத்துக்கு ஆட்டோ. எண்பது கேட்டவர், வழியெல்லாம் பாப்பா வீறிட்டதும், "அறுபதே குடுங்கக்கா, பாட்டு கேட்டதுக்குக் கழிச்சுக்கறேன்" என்றார்.

மண்டபத்தில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து ஒரு நூல்கண்டை உருட்டினார்கள். அது யாரிடம் வருகிறதோ அவர் தன் பெயரையும், தன்னை இந்த வேலை வரைக்கும் கொண்டுவந்தவர் பெயரையும் சொல்ல வேண்டும். கவிதாவிடம் வந்தது. தன் பெயரைச் சொல்லி நின்றுவிட்டாள்.

"கொண்டுவந்தது யாருங்க?" என்றார் பயிற்சி நடத்திய பெண்.

"அவருங்க. அவருதான் படிக்க வெச்சாரு."

"அவருன்னா எவருங்க, கலெக்டரா?" என்றான் ஒரு பையன். சிரித்தார்கள்.

எங்கள் பக்கம் வூட்டுக்காரர் பேரைப் பெண்கள் சொல்வதில்லை. ரேஷன் கடையிலும் பிரசவ வார்டிலும் கேட்டபோதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் சொல்வேன். அன்றும் பார்த்தாள். காமாட்சித் தாயே என்று ஓரத்து நாற்காலியிலிருந்து எழுந்தேன். பாப்பாவைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன். அவன் போனபின் அந்தப் பேரை நானும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"சரவணன்" என்றாள் கவிதா.

கடைசி நாற்காலி வரை கேட்டது. கைதட்டினார்கள். நூல்கண்டு அடுத்தவரிடம் உருண்டது.

மாலையில் மேசை அவளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். திரும்பும் பஸ்ஸில், "பேரு சொல்லிட்டேன். கோவமா அத்தை?" என்றாள்.

"இல்ல கண்ணு. இன்னொருக்கா சொல்லு."

சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரி ஒருத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைக்குழந்தையோடு போகிறவர்கள் வெந்நீர் எடுத்துப் போங்கள், மண்டபத்தில் கிடைக்காது. கணவரை இழந்த பெண்ணை அழைத்துப் போனால், பயிற்சி தருபவரிடம் முன்பே தனியாகச் சொல்லிவிடுங்கள் என்றுதான் எழுத நினைத்தேன். நான் சொல்லியிருந்தால் அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் பிள்ளை பேரை அவள் வாயால் நான் கேட்டிருக்கவும் மாட்டேன்.