சங்கு அளக்கும் வளையம்

திருச்செந்தூர் போகும், கரி வாயுவில் ஓடும் பஸ் கிளம்ப நேரமிருக்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் தோணியிலிருந்து சங்கு இறக்குகிறார்கள். பலகையில் பதித்த வளையத்தில் ஒவ்வொரு சங்கையும் சர்க்கார் ஆள் வைத்துப் பார்க்கிறார். உள்ளே நுழைந்து விழுந்தால் அது வளராத சங்கு. அதை உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும்.

ஓரமாக ஒரு பெரியவர் குடையோடு நிற்கிறார். எழுபது வயதிருக்கும். யாரென்று சங்கு குளிக்கிறவர் ஒருவரிடம் கேட்கிறேன்.

"நம்ம முனிசிபல் சேர்மன் அண்ணாச்சி. சங்கு யாவாரம். சேர்மனா இருக்கையில, சங்குச் சதை அழுகுத நாத்தம் ஊருக்குள்ள வேண்டாம்னு, சங்கு போட்டு வைக்குத கொட்டடியெல்லாம் ஊருக்கு வெளிய மாத்தச் சொன்னாவ. மொதல்ல தன்னோடதத்தான் மாத்துனாவ. அந்தக் கோவத்துல மத்த யாவாரிங்க சேந்து, போன மாசம் எலெக்ஷன்ல தோக்கடிச்சிட்டாவ."

காலையில் ஊருக்குள் நடந்து வந்தபோது எந்த நாற்றமும் இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. பெரியவரிடம் போய் அதைச் சொல்கிறேன்.

அவர் வளையத்தில் விழுந்த குட்டிச் சங்கு ஒன்றை எடுத்துக் கடலில் வீசுகிறார்.

"என்னையும் வளையத்துல போட்டுப் பாத்தாவ, தம்பி. விழுந்துட்டேன்" என்கிறார். முகத்தில் சிரிப்பில்லை. "அடுத்த எலெக்ஷனுக்கு வளந்து வாரேன்."