மொட்டைத் தலையோடு ஆடிய ஃபைனல்

நேற்று காலை பிராக்டிசுக்கு வந்த என் டீம் பெண் ஒருத்தி புதுமொட்டை. தலை நிறையச் சந்தனம். வெயில் ஏற ஏற அந்த வாசனை கோர்ட் முழுக்கப் பரவியது. மற்ற பெண்கள் அவள் தலையைத் தடவித் தடவிச் சிரிக்க, அவளும் சிரித்துக்கொண்டே பந்தை வளையத்தில் போட்டாள். கோச் என்கிற தோரணையில் விசிலை ஊதிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகம்தான் சுட்டது.

திருப்பதியில் மொட்டையை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? ஆட்டோ, ஓட்டல், பஸ் எங்கும் மொட்டைதான். சித்தூர் அப்படியில்லை. நான் ஆடிய காலத்தில் எனக்கு ஃபைனல் அங்கேதான் வந்து வாய்த்தது.

மாவட்ட டீமில் எனக்கு இடம் கிடைத்தால் என் முடியைக் கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். நகரிப் பக்கம் கழனியில் களையெடுப்பவள். என் ஆட்டத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அதில் நிறைய ஓட வேண்டும் என்பதுதான். இடம் கிடைத்தது. "ஃபைனல் முடியட்டும்மா" என்று கெஞ்சினேன்.

"சாமிக்குச் சொன்னத தள்ளிக்கினே போவாங்களா? வா, தொணைக்கு நானும் மொட்ட போட்டுக்கிறேன்."

போட்டுக்கொண்டாள்.

சித்தூரில் துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எப்பேர்ப்பட்ட யோசனை பாருங்கள்! ரெஃப்ரி விசிலடித்து, "அதி தீசெய்யம்மா" என்றார் தெலுங்கில். அவிழ்த்தேன். வேடிக்கை பார்த்த பையன்கள் ஓவென்று கத்தினார்கள். அதன்பிறகு பந்து கைக்கு வந்தபோதெல்லாம் சுடு பாத்திரத்தைப் போல அடுத்தவளிடம் தள்ளிவிட்டேன். வளையத்துக்கு நேரே நின்றால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்களே! தோற்றோம்.

தோற்றதைக்கூட மறந்துவிடலாம். கேலரியில் அம்மா, தன் மொட்டையை மூடாமல், சந்தனத்தோடு அத்தனை பெருமையாக உட்கார்ந்திருந்தாள். நான் துப்பட்டாவை அவிழ்த்ததையும் பிறகு ஒளிந்து ஒளிந்து ஆடியதையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பஸ்ஸில் ஏறியதும் முந்தானையை மெதுவாக இழுத்துத் தன் தலையை மூடிக்கொண்டாள். ஊர் வரும்வரை எடுக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

கோச் வேலை கிடைத்தபோது, "ஏதாச்சும் வேண்டிக்கினியாம்மா? மலைக்குப் போலாமா?" என்று நானே கேட்டேன்.

"இல்ல கண்ணு. ஒனக்கு வெக்கமா இருக்கும்னு நான் எதுவும் வேண்டிக்கறதில்ல" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில்.

அம்மா போய் வருஷங்கள் ஆகின்றன. கோர்ட்டில் நின்றால் மலை தெரியும். அங்கே எனக்காக வேண்டிக்கொள்ள இப்போது யாரும் இல்லை.