லோரியிலிருந்து கழற்றிய தகடுகள்

எங்கள் தோட்டத்து லோரியின் கதவுகளில் அடித்திருந்த இரும்புத் தகடுகளைக் கழற்றச் சொன்னது துரை இல்லை, நான். எழுதினால் ஒரு வரிதான். அதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

மலாயாக் காடுகளில் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு பதுங்கியிருந்த அந்த அவசரகாலம் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடம். எங்களுக்கு அது முள்வேலியும் வாசல் சோதனையும். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கட்டிக்கொண்டு போகக்கூடாது, காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். வழியில் மறைந்திருந்து சுடுவார்கள் என்று லோரி ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தைச் சுற்றிக் கனத்த தகடு அடித்திருந்தார்கள். அந்தக் கதவை இழுத்துத் திறக்க இரண்டு கையும் வேண்டும்.

புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் அப்போது சின்னக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. டைப்ரைட்டர் எனக்கு மட்டும்தான் பணியும் என்று ஒரு கர்வம். தலையில் கொம்பு முளைக்காததுதான் குறை.

ஒருநாள் துரை கூப்பிட்டு, பழைய மரங்களைப் பிடுங்கும் டிராக்டரைக் கம்பெனியின் பேராக் தோட்டத்துக்கு அனுப்பவேண்டும் என்றார். அது சங்கிலிச் சக்கரத்தில் ஊர்கிற வண்டி, தார் ரோட்டில் ஓட்ட விடமாட்டார்கள். டிரெய்லரில் ஏற்றி, லோரியில் மாட்டி இழுத்துப் போகவேண்டும். சிலாங்கூரையும் பேராக்கையும் பிரிக்கிற பெர்ணம் ஆற்றுப் பாலத்தில், இத்தனை டன்னுக்கு மேல் போகாதே என்று பலகை இருந்தது. அதற்கு மேல் எடை இருந்தால் இரண்டு மாநிலத்திலும் தனித்தனியாகப் பெர்மிட் வாங்கவேண்டும். ஒரே கடிதம், இரண்டு விலாசம்.

சிலாங்கூர் கடிதம் போனது, ஒரே வாரத்தில் பெர்மிட்டும் வந்தது. பேராக் கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழை விழுந்திருந்தது. திருத்தி அடிக்கலாம் என்று மேசை இழுப்பறையில் போட்டேன். போட்டது போட்டபடியே கிடந்தது. அந்த வாரம் முழுக்க அதே டைப்ரைட்டரில் நான் அடித்துக்கொண்டிருந்தது கோலாலம்பூரில் ஓர் ஆபீசுக்கு என் சொந்த வேலை விண்ணப்பம். மூன்று தரம் அடித்தேன், ஒரு கமா தப்பில்லாமல். அந்த வேலை கிடைக்கவும் இல்லை.

பத்து நாள் கழித்துத் துரை கேட்டார், பேராக் பெர்மிட் எங்கே என்று. "அந்தப் பக்கம் தாமதம் பண்ணுறாங்க, சார்" என்றேன். வாய் கூசவில்லை. நாளை மறுநாள் டிராக்டர் போயாகவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். லோரி, டிரெய்லர், டிராக்டர். டிராக்டரின் முன்னால் இருக்கிற மண் தள்ளும் பிளேடை ஏற்கெனவே கழற்றி ரயிலில் அனுப்பியாயிற்று. அப்படியும் பாலத்துப் பலகையில் இருந்த எடையைவிட அரை டன் கூடுதல். பழைய கோப்பைப் புரட்டினேன். தகடுகளை அடித்த பட்டறைக்காரன் அவற்றின் எடையை எழுதி வைத்திருந்தான். அரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே. தகட்டைக் கழற்றிவிட்டால் யாருடைய பெர்மிட்டும் வேண்டாம்! அதைக் கண்டுபிடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மற்றதையெல்லாம்விட அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

துரையிடம் போய்ச் சொன்னேன். அந்த ரோடு இப்போது எப்படி என்று கேட்டார். அமைதியாக இருக்கிறது என்றேன். எனக்கு என்ன தெரியும்? பயம் என் இழுப்பறையைப் பற்றித்தான். நான் அடித்துக் கொடுத்த உத்தரவில் அவர் கையெழுத்துப் போட்டார்.

டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கடைசி லயத்து வீட்டில் குடியிருந்தவர். கனரக லைசென்ஸ் புத்தகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். குளிக்கும்போது மட்டும்தான் அது அவரைவிட்டுப் பிரியும் என்று நாங்கள் கேலி செய்வோம். பட்டறையில் தகடுகள் இறங்குவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னா கிராணி ஐயா, லோரிக்குச் சட்டையக் கழட்டுறீங்க? குளிருமே லா."

"சட்டம், டிரைவரே. எடை கூடுனா பாலத்துல நிறுத்திடுவாங்க. உங்க லைசென்ஸ்தான் போகும்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"லைசென்ஸ் போச்சுனா நான் எதுக்கு ஆவேன்? கழட்டுங்க ஐயா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எடைப் பத்திரத்தில் ஓட்டுநரும் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்துப் போட அவர் பெரியவரான பிறகுதான் கற்றுக்கொண்டார். நாக்கை லேசாக வெளியே நீட்டி, ஒவ்வோர் எழுத்தாக, தன் பெயரை முழுசாக எழுதினார். நான் மை ஒற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி வாக்கில், உலு யாம் பக்கத்தில் ஒரு வளைவில் சுட்டார்கள். தகடு இருந்த இடத்தில் வெறும் கதவு. குண்டு அதைத் துளைத்து அவருடைய வலது கையில் பாய்ந்தது. டிராக்டர் கவிழாமல், இடது கையாலேயே வண்டியை வளைவு தாண்டிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் மயங்கினார் என்று காவலுக்குப் போன போலீஸ்காரர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரி காகிதங்களைப் புரட்டிவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த ஆள் நான். அன்று மாலையே பேராக் கடிதத்தை, ரப்பர் ஷீட் காயவைக்கும் புகையறை அடுப்பில் போட்டேன். தகடுகள் பட்டறைச் சுவரில் சாய்ந்து கிடந்தன. அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

ஈஸ்டருக்கு முன்னால் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டு, செபம் சொல்லச் சொல்லி, மன்னிப்பும் கொடுத்தார். மனசு லேசாகிச் சைக்கிள் மிதித்துத் தோட்டத்துக்குத் திரும்பினேன். வாசலில் தடுப்புக் கம்பைத் தூக்கியவர் அந்த டிரைவர்தான். துரை அவருக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார். ஒரு கையால் கம்பைப் பிடித்திருந்ததால் சலாம் வைக்கக் கை இல்லை, அதனால் சிரித்தார். எனக்கு மன்னிப்புக் கொடுக்கவேண்டியவர் கோயிலில் இல்லை, இங்கே நிற்கிறார் என்று தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "மழை வரும் போல" என்றேன்.

அப்புறம் ஒருநாள் எண்ணெய்த் துணிப் பொட்டலத்தோடு ஆபீசுக்கு வந்தார். லைசென்ஸ் தவணை முடிகிறதாம்.

"குடுக்கமாட்டாங்கனு தெரியும் ஐயா. இருந்தாலும் ஒரு தடவ கேட்டுப் பாப்போமே. நீங்க எழுதுனா ஒருவேள குடுப்பாங்க."

விண்ணப்பப் பாரத்தை டைப்ரைட்டரில் ஏற்றினேன். உடல் ஊனம் உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு. அடுத்தது, என்ன காரணத்தால்?

அவர் எதிரே உட்கார்ந்து, நான் என்ன அடிக்கப்போகிறேன் என்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு அமையவே இல்லை. 'காட்டிலிருந்து சுடப்பட்டது' என்று அடித்தேன். பிழை ஒன்றும் விழவில்லை.

கையெழுத்துப் போடும் இடம் வந்தது. அவர் இடது கையை நீட்டினார். அந்தக் கட்டைவிரலை நானே பிடித்து, மைப்பெட்டியில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தினேன்.

"சரியாப் பதிஞ்சிருக்கா ஐயா?"

"சரியா இருக்கு, டிரைவரே" என்றேன்.