ரத்னாக்கா என்னிடம் சொல்லித்தான் கொடுத்தார்

நேற்று ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து செல்போனை எடுத்தபோது எங்கள் லேஅவுட் குரூப்பில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்திருந்தன. உத்தனப்பள்ளி நர்சரி ரத்னாக்கா காலையில் மாரடைப்பில் போய்விட்டார். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "நல்ல மனுஷி. அந்தக் குழந்தை விஷயத்துலதான் கொஞ்சம் அஜாக்கிரதையா இருந்துட்டாங்க." அதற்குக் கீழேயும் கும்பிடு போட்டிருந்தார்கள். அந்தக் குழந்தை என் மகள். ரத்னாக்காவை அறிந்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ராயக்கோட்டை சாலையில் அவர் நர்சரிக்குப் போனவர்களுக்குத் தெரியும், கேட்டவுடன் செடி கிடைத்துவிடாது. முதலில் விசாரணை. வாசல் எந்தப் பக்கம், வெயில் எத்தனை மணி வரைக்கும் விழும், தண்ணீர் லாரியா போரா, வீட்டில் யார் யார், நாய் உண்டா, மாடு வந்து வாய் வைக்குமா. ரேஷன் கார்டுக்குக்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள் என்று கிண்டல் செய்வோம். அவர் அசர மாட்டார். "செடி எங்க வேணா பொழச்சிக்கும்மா. அதோட நீங்க பொழைக்கணும் இல்ல?" என்பார். ஒருமுறை ஒருவர், செப்டிக் டேங்குக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே இரண்டடி சந்தில் வைக்க ஒட்டுமாங்கன்று கேட்டார். "குடுக்க மாட்டேன் சார். வேரு டேங்க ஒடச்சா என்னத்தான் திட்டுவீங்க. எலுமிச்ச எடுத்துக்கங்க, அதையும் பெரிய தொட்டியில வெய்ங்க" என்றார். வந்தவர் தெலுங்கில் சண்டைக்குப் போனார். அக்கா அதைவிட நல்ல தெலுங்கில் பதில் சொல்லி எலுமிச்சையோடுதான் அனுப்பினார்.

என் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்பு நான் போனேன். எங்கள் கம்பெனி வரவேற்பறையில், வெள்ளைப் புள்ளி தெளித்த பெரிய இலைகளோடு ஒரு செடி நிற்கும். வாசலில் அதே செடி வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். எனக்கு முன்னால் நின்ற பெண்ணும் அதைத்தான் கேட்டாள். வீட்டில் கைக்குழந்தை என்றதும் அக்கா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, செம்பருத்தியையும் தொட்டி மாதுளையையும் தள்ளிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "ஊட்ல சின்னப் புள்ள இருக்குதாம்மா?"

"இல்லக்கா" என்றேன்.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நானும் என் கணவரும் மாற்றி மாற்றி ஷிஃப்ட் பார்ப்பதால் அவள் பாரூரில் மாமியாரிடம் வளர்ந்துகொண்டிருந்தாள். பிள்ளை இருக்கிறாள் என்று சொன்னால் செடி கிடைக்காது. எங்கே இருக்கிறாள் என்று அடுத்த கேள்வி வரும். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. வாரத்தில் ஆறு நாள் அவள் வீட்டில் இல்லைதானே என்று மனதுக்குள் வக்கீல் வேலை பார்த்தேன். செடியைக் கையில் கொடுக்கும்போது அக்கா சொன்னார்: "இது டிஃபன்பாக்கியா. விசேஷத்துக்குப் புள்ளைங்க வந்தா இத மேல தூக்கி வெச்சிடு. இலையக் கடிச்சா நாக்கு வீங்கிப் போவும், மூச்சுக்கூட முட்டும். காதுல உழுந்துதா?" விழுந்தது. தலையாட்டினேன். கேட்டது எனக்கு.

ஞாயிறு காலை ஹோமம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. விசேஷத்துக்கு வந்திருந்த மகள் வாசலில் வீறிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால் கையில் பாதி இலை, வாயெல்லாம் எச்சில், நாக்கு தடித்து வெளியே தள்ளியிருந்தது. அடுத்த அழுகைக்குச் சத்தமே வரவில்லை. அந்தச் சத்தமில்லாத வாயை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். ஆட்டோவில் போகும்போதே அக்காவுக்குப் போன் செய்தேன். "வாந்தி எடுக்க வெக்காத! ஈரத் துணியால வாயத் தொடச்சிட்டு, சில்லுனு தண்ணி ஒவ்வொரு சொட்டா உடு. எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அவரும் மொபெட்டில் வந்துவிட்டார். டாக்டருக்குக் காட்ட ஒரு இலையைக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பேரைச் சொல்லி, கவரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றார். உள்ளே என் மகளுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். மாமியார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இந்த மாதிரி செடின்னு அந்தம்மா உனுக்குச் சொல்லலியா?"

"ஒரு வார்த்த சொல்லலத்த" என்றேன்.

நாலடி தள்ளி நின்ற அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். என் கொழுந்தனார் அவர் மேல் பாய்ந்தார். புள்ளைய கொல்லப் பாத்தியா என்று கத்தினார். ஆஸ்பத்திரி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா அவரிடம், "தப்பு என்னுதுதாம்ப்பா. முதல்ல புள்ளையப் பாருங்க" என்றார். சாயங்காலம் மகளுக்கு வீக்கம் வடிந்து, அம்மா என்று குரல் வந்த பிறகுதான் அவர் மொபெட்டை எடுத்தார். எங்கள் வீட்டார் ஒருவரும் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை.

கதை அன்றே குரூப்பில் ஏறிவிட்டது. எங்கள் லேஅவுட்டிலிருந்து அங்கே போவதை நீங்கள் பலர் நிறுத்தினீர்கள். நான் ஒவ்வொரு மெசேஜையும் படித்தேன். ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

ஆறு மாதம் கழித்து மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்குள் அவளையும் மாமியாரையும் எங்களோடேயே அழைத்து வந்திருந்தோம். அக்கா அவள் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தார். "ஏங்க்கா அன்னிக்கு அவங்க முன்னாடி உண்மையச் சொல்லல?" என்று கேட்டேன். "உள்ள புள்ள கெடக்குது. அந்நேரத்துல உன்னையும் மாட்டிவுட்டா புள்ளைய யாரு பாக்கறது?" என்றார். தொட்டிக்கு மண் அள்ளிப் போட்டார். பிறகு, "ஆனா நான் சொல்லித்தான் குடுத்தேன்னு ஒருநாள் நீ சொல்லிடணும். என் பேரு கெட்டுக் கெடக்குதும்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கேட்டுக்கொண்டார். சொல்கிறேன் அக்கா என்றேன். ஒரு கொய்யாக்கன்று கொடுத்து அனுப்பினார். அது மூணு வருஷமாகக் காய்க்கிறது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. முதலில் மாமியாருக்குப் பயந்தேன், அப்புறம் இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

இன்று காலை மாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். நறுக்கிக்கொண்டிருந்த அவரையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தம்மா கையப் பிடிச்சி ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டிருப்பேனேடி. அதையும் இல்லாம பண்ணிட்டியே" என்றார்.

உங்கள் வீடுகளில் அக்கா கொடுத்த மாதுளையும் எலுமிச்சையும் செம்பருத்தியும் நிற்கின்றன. அவற்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெசேஜை எழுதியவர் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அஜாக்கிரதை என்னுடையது, பொய்யும் என்னுடையது. அவர் நாலு வருஷத்துக்கு மேல் சுமந்த பழியை நான் வாங்கிக்கொள்கிறேன். வாங்கிக்கொண்டேன் என்று அவரிடம் சொல்லத்தான் வழியில்லை.